ஜப்பான் படை திருகோணமலையில் கரையிறங்கவில்லை

“1942இல் திருகோணமலையைப் பிடித்த ஜப்பான் சிப்பாய்கள் கடற்கரையில் சோறு சமைக்கிறார்கள்” என்று ஒரு படம் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. தவறு. அந்த ஏப்ரல் 9இல் வந்தவை ஐந்து விமானந்தாங்கிக் கப்பல்களிலிருந்து கிளம்பிய விமானங்கள் மட்டுமே. துறைமுகத்திலும் அருகிலுள்ள சீனக்குடா விமானத் தளத்திலும் குண்டு போட்டுவிட்டுத் திரும்பின. ஒரு சிப்பாய்கூட இங்கே கால் வைக்கவில்லை.

அடுப்பிலுள்ள பாத்திரத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். அவரை விதைபோல் ஒருபக்கம் உள்வளைந்த தூக்குப்பாத்திரம் அது. ஜப்பான் தரைப்படையினர் அதில்தான் சோறு வடித்தார்கள். ஆட்களைப் பற்றிச் சொன்னது சரியாக இருக்கலாம், இடம்தான் பொய். இங்கிருந்த பிரிட்டிஷ் படையினரின் சாப்பாட்டு டின்கள் செவ்வகமானவை, ஒன்றுக்குள் ஒன்று செருகுபவை.

கரையின் வளைவை வைத்து இடம் தேடுபவர்கள் முதலில் சட்டைப் பொத்தானைக் கவனியுங்கள். ஆண்கள் சட்டையில் அணிந்தவரின் இடப்பக்கத் துணி மேலே வரும். எல்லோருக்கும் வலப்பக்கம் மேலே இருந்தால் நெகட்டிவைப் புரட்டி அச்சிட்டிருக்கிறார்கள். கரையும் இடம்வலம் மாறித்தான் தெரியும்.