அரிஸ்டாட்டில் ரசிகர்களுக்கு ஒரு கேள்வி

சாக்ரடீஸ், பிளேட்டோ, அரிஸ்டாட்டில் என்று மூவரையும் குரு-சிஷ்ய வரிசையில் ஒரே மூச்சில் சொல்லிப் பழகிவிட்டோம். சாக்ரடீஸ் தன் தத்துவத்தை எழுதி வைக்கவில்லை. கி.மு. 399இல் ஏதென்ஸ் அவருக்கு நஞ்சு கொடுத்துவிட்டது. நமக்குக் கிடைத்திருப்பவர் பெரும்பாலும் பிளேட்டோ எழுதிய சாக்ரடீஸ். அதனால் அவரை விட்டுவிடுகிறேன். சண்டை மற்ற இருவருக்கும்தான்.

இந்தச் சண்டைக்கு ஒரு தயார்நிலைத் தீர்ப்பு உண்டு. பிளேட்டோ கண்ணுக்குத் தெரியும் உலகத்தை நிழல் என்றவர், ஆகவே ஆபத்தானவர். அரிஸ்டாட்டில் கண்ணால் பார்த்ததை நம்பியவர், ஆகவே நம்ம ஆள். முதல் பாதியில் நியாயம் இருக்கிறது. கவிஞர்களை ஊரை விட்டு அனுப்புவது, சிலர் பிறப்பில் தங்கம் கலந்திருக்கிறது, சிலர் பிறப்பில் இரும்பு என்று ஒரு பொய்யைச் சொல்லி மக்களை நம்ப வைப்பது எல்லாம் அவருடைய 'குடியரசு' நூலில்தான் வருகிறது.

அரிஸ்டாட்டிலுக்குப் பார்க்கத் தெரியும் என்பதிலும் சந்தேகமில்லை. கோழி முட்டைக்குள் நடப்பதை எப்படி எழுதியிருக்கிறார் பாருங்கள்: மூன்று நாள் ஆனதும் வெள்ளைக்கருவில் ஒரு ரத்தப் புள்ளி தெரிகிறது, அது உயிருள்ளது போலத் துடிக்கிறது, அதுதான் இதயம்.

இதே மனிதர்தான் 'அரசியல்' நூலின் முதல் பகுதியில், சிலர் இயற்கையிலேயே அடிமைகள் என்கிறார். ஆண் ஆள வேண்டும், பெண் அடங்க வேண்டும், அதுவும் இயற்கையாம். அந்தக் காலத்து ஆள், வேறென்ன சொல்வார் என்பீர்கள். அந்தச் சமாதானம் இங்கே எடுபடாது. அடிமைமுறை இயற்கையில் இல்லை, சட்டம் செய்த ஏற்பாடு, பலவந்தத்தில் நிற்பதால் அநியாயம் என்று சிலர் வாதிடுவதை அவரே அங்கே எழுதி வைத்திருக்கிறார். காதில் விழாமல் இல்லை.

பெண் விஷயத்தில் மறுப்பு இன்னும் பக்கத்திலேயே இருந்தது. பிளேட்டோ நடத்திய அகாடமி என்ற பள்ளியில் சுமார் 20 வருடம் இருந்தவர் அரிஸ்டாட்டில். ஆசிரியரோ 'குடியரசு' ஐந்தாம் பகுதியில் கேட்கிறார்: வழுக்கைத் தலையர் செருப்பு தைத்தால், முடி உள்ளவர் தைக்கக் கூடாது என்போமா? பிள்ளை பெறுவதும் அப்படியொரு வித்தியாசம்தான், நாட்டைக் காக்கவும் ஆளவும் அது தடையில்லை. பெண் பொதுவாக வலு குறைந்தவள் என்றும் சேர்த்துக்கொள்கிறார்தான். அடிமைமுறையை ஒழிக்கவும் சொல்லவில்லை. இருந்தாலும், அந்த ஊரில் அந்த வாதத்தை எழுத ஒரு துணிச்சல் வேண்டும்.

என் எண்ணம் இதுதான். பார்த்ததை மட்டும் நம்புகிறவருக்கு இருக்கிற உலகம்தான் கண்ணில் படும். ஏதென்ஸில் அடிமை வேலை செய்துகொண்டிருந்தான், வசதியான வீட்டுப் பெண் உள்ளே இருந்தாள். முட்டைக்குள் இதயம் துடிப்பதை எழுதிய அதே இயற்கைக் கணக்கில் இதையும் எழுதிவிட்டார். கண்ணை நம்பாத பிளேட்டோவுக்கு அந்தக் கட்டு இல்லை. கண்டபடி கற்பனை செய்தார், அதில் சில விஷயங்கள் சரியாக வந்து விழுந்தன.

அப்புறம், அரிஸ்டாட்டிலின் உயில் என்று, தத்துவவாதிகளின் வாழ்க்கையைப் பிற்காலத்தில் எழுதிய டயோஜெனிஸ் லேர்ஷியஸ் பதிந்து வைத்திருக்கும் ஒன்று. தனக்குப் பணிவிடை செய்த சிறுவர்களை விற்கக் கூடாது, உரிய வயது வந்ததும் தகுதிப்படி விடுதலை செய்ய வேண்டும் என்கிறது அது. இயற்கையிலேயே அடிமையாக இருப்பவன் வயது வந்ததும் எப்படி விடுதலைக்குத் தகுதியாகிறான்? அரிஸ்டாட்டில் ரசிகர்கள் யாராவது சொல்லுங்கள், பேசுவோம்.