வலிக்கிற இடத்தைத் தேய்க்காதீர்கள், அளவாக வேலை கொடுங்கள்

மாங்காய் சீசனில் கிருஷ்ணகிரிப் பக்கம் நாள் முழுக்கத் தொரட்டியைத் தலைக்கு மேல் தூக்குபவர்களுக்குத் தோள்பட்டை வலி. தருமபுரிப் பக்கம் பட்டுப்புழுவுக்கு மல்பெரி தழை வெட்டுபவர்களுக்கு முழங்கையின் வெளிப்பக்கம். ஓசூர் கம்பெனிகளில் ஷிஃப்ட் முழுக்க நிற்பவர்களுக்குக் குதிகால். எங்கே வலித்தாலும் வைத்தியம் ஒன்றுதான்: தைலம், சுளுக்கு வழிப்பது, மெடிக்கலில் ஒரு செட் மாத்திரை, நாலு நாள் ஓய்வு. பிறகு அதே வேலை, அதே வலி. இந்தச் சுற்று உடைய வேண்டும்.

தசைக்கு இரத்த ஓட்டம் நிறைய உண்டு. சின்னப் பிடிப்பு என்றால் ஒன்றிரண்டு வாரத்தில் ஆறிவிடும். வெந்நீர் ஒத்தடமே போதும். தசையை எலும்போடு கட்டுகிற தசைநாண் அப்படி இல்லை. அதற்கு இரத்த ஓட்டம் குறைவு, சீராக மாதக்கணக்கில் ஆகும். முழு ஓய்வு கொடுத்தால் வலி அடங்கும், கூடவே நாணும் பலம் இழக்கும். மறுபடி தொரட்டியைத் தூக்கும்போது தாங்காது. ஆகவே வேலையைக் குறையுங்கள், அடியோடு நிறுத்தாதீர்கள்.

முழங்கைக்கு: முன்கையை மேசைமேல் வைத்து, உள்ளங்கை கீழே பார்க்க, மணிக்கட்டு மேசை விளிம்பைத் தாண்டி இருக்கட்டும். அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலைப் பிடித்து, மணிக்கட்டை நேராக வைத்து 30 முதல் 45 விநாடி அசையாமல் நிறுத்துங்கள். இடையில் ஒரு நிமிடம் ஓய்வு விட்டு 5 முறை. ஓரிரு வாரத்தில் வலி தணிந்ததும், மற்றக் கையால் பாட்டிலை மேலே தூக்கிவிட்டு, வலிக்கிற கையால் நாலு எண்ணும்வரை மெதுவாக இறக்குங்கள். 15 தடவை, மூன்று சுற்று. அது எளிதாகும்போது ஒரு லிட்டர் பாட்டில்.

குதிகாலின் பின்பக்க நாணுக்கு: படி விளிம்பில் முன்பாதத்தால் நின்று, இரண்டு காலாலும் எழும்பி, வலிக்கிற காலால் மட்டும் மெதுவாக இறங்குங்கள். 15 தடவை, மூன்று சுற்று, காலையும் மாலையும், 12 வாரம். முழங்காலை நீட்டி மூன்று சுற்று, லேசாக மடக்கி மூன்று சுற்று. வலி எலும்போடு ஒட்டும் இடத்திலேயே இருந்தால் படி வேண்டாம், சமதரையில் செய்யுங்கள். வலி அடிப்பாதத்தில் என்றால், விரல்களுக்கடியில் சுருட்டிய துண்டை வைத்து ஒருநாள் விட்டு ஒருநாள் குதிகாலைத் தூக்கி இறக்குங்கள்.

பெரும்பாலோர் மூன்றாம் வாரத்தில் விட்டுவிடுகிறார்கள். செய்யும்போது வலிக்கிறதே என்று பயம். வலிக்குப் பத்துக்கு மார்க் போட்டால் நாலு வரை பரவாயில்லை. மறுநாள் காலையில் வழக்கத்தைவிடக் கூடியிருந்தால் மட்டும் எடையைக் குறையுங்கள். முழங்கைக்கு ஸ்டீராய்டு ஊசி போட்டால் சில வாரம் சுகம்தான். ஆனால் ஒரு வருடம் கழித்துப் பார்த்தால், ஊசி போட்டவர்கள் போடாதவர்களைவிடப் பின்தங்குவதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. பெயர் தெரியாத செட் மாத்திரை இதைவிட மோசம், அதிலும் ஸ்டீராய்டு இருக்கலாம். டைக்ளோஃபெனாக் என்கிற வலி மாத்திரையை நாள்கணக்கில் விழுங்கினால் வயிறும் சிறுநீரகமும் கெடலாம். சிப்ரோஃப்ளாக்சசின், லிவோஃப்ளாக்சசின் போன்ற ஆன்டிபயாட்டிக் சாப்பிடும்போது புதிதாக நாண் வலி வந்தால், உடனே டாக்டரிடம் சொல்லுங்கள். அவை நாணையே கிழிக்கக்கூடியவை.

சர்க்கரை நோயாளிகளே, மரத்துப்போன பாதத்தில் சூடான ஒத்தடம் வைக்காதீர்கள். கொப்புளம் கிளம்பும் வரை சூடு தெரியாது. தோள் இறுகிப்போவதும் உங்களுக்குத்தான் அதிகம், கை தூக்க முடியாமல் போகும் வரை காத்திருக்க வேண்டாம்.

வீட்டு வைத்தியம் கூடவே கூடாத இடங்களும் உண்டு. கெண்டைக்காலில் 'டப்' என்று சத்தம் வந்து நுனிக்காலில் நிற்க முடியவில்லை என்றால் நாண் அறுந்திருக்கலாம். ஒரு கால் மட்டும் வீங்கிச் சூடாக இருந்தால் தேய்க்கவே கூடாது, உள்ளே இரத்தக்கட்டி இருந்தால் நகர்ந்து நுரையீரலுக்குப் போகலாம். தோள் அல்லது இடதுகை வலியோடு வியர்வையும் நெஞ்சு அழுத்தமும் வந்தால் தைலப் பாட்டிலைத் தேடாமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

தமிழக அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கியதே கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில்தான். வீட்டுக்கே வந்து இயன்முறை சிகிச்சை தருவதும் அந்தத் திட்டத்தில் அடக்கம். நடமாட முடியாத பெரியவர்கள் வீட்டில் இருந்தால் உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுங்கள்.