டாக்ஸ் அப்புறம் பாத்துக்கலாமாம்!

"கோட் மெர்ஜ் ஆயிடுச்சு, டாக்ஸ் அப்புறம் பாத்துக்கலாம்." டாக்ஸ்னா, கோடை எப்படி யூஸ் பண்றதுன்னு எழுதி வைக்கிற குறிப்பு. இனி எவனாவது என் காதுபட இதைச் சொன்னா லேப்டாப்பை மூடிட்டு எந்திரிச்சுப் போயிடுவேன். அந்த "அப்புறம்" எப்ப வரும்னு எனக்குத் தெரியும். ராத்திரி ஒன்றரை மணிக்கு வரும். எனக்குத்தான் வரும்.

எங்க ஆர்பிசி லைப்ரரி (ஒரு மெஷின்லேர்ந்து இன்னொரு மெஷின்ல இருக்கிற ஃபங்ஷனைக் கூப்பிட உதவுற கோட்) டாக்ஸ்ல ஒரு வரி: "டைம்அவுட், முழு எண், டீஃபால்ட் 30." அவ்வளவுதான். பதிலுக்கு எவ்வளவு நேரம் காத்திருக்கணும்கிற கணக்கு அது. 30 என்ன? செகண்டா, மில்லிசெகண்டா, முழமா, படியா? முன்னாடி செகண்டா இருந்துச்சு. ரெண்டு வெர்ஷனுக்கு முன்னாடி ஒரு புண்ணியவான் அதை மில்லிசெகண்டா மாத்தி, டீஃபால்ட்டை 30000 ஆக்கியிருக்கார். கோடை மாத்தினார், டெஸ்டை மாத்தினார், டாக்ஸ்ல மட்டும் கை வைக்கல. அதை நம்பி 30னு போட்ட மகராசன் நான். என் மெஷின்ல கிளையன்ட்டும் சர்வரும் பக்கத்து பக்கத்துல ஓடினதால 30 மில்லிசெகண்டுக்குள்ள பதில் வந்துடுச்சு. ப்ரொடக்‌ஷன்ல லோடு ஏறினதும் ஆர்பிசி கால் எல்லாம் டைம்அவுட் ஆகி பொத்து பொத்துன்னு விழ ஆரம்பிச்சுது. ரீட்ரை (பதில் வரலேன்னா தானா மறுபடி அனுப்புறது) வேற ஆன்ல. சர்வர் பாட்டுக்கு வேலையை முடிக்குது, கிளையன்ட் அது தெரியாம மறுபடி அனுப்புது. ஒரே ஆர்டர் மூணு தடவை பதிவாகி நிக்குது.

சாதாரண ஃபங்ஷன்னா டாக்ஸ் இல்லாட்டியும் கோடைத் திறந்து படிச்சுக்கலாம். ஆர்பிசில அந்தப் பக்கம் என்ன ஆச்சுன்னு இந்தப் பக்கம் உக்காந்து எப்படிப் படிக்கிறது? 1984ல பிர்ரெல், நெல்சன் எழுதின ஆர்பிசி கட்டுரையிலேயே இது இருக்கு: கால் திரும்பி வந்தா ப்ரொசீஜர் (அந்தப் பக்க ஃபங்ஷன்) சரியா ஒரு தடவை ஓடியிருக்கு, எரர் வந்தா ஒரு தடவை ஓடியிருக்கலாம், ஓடாமலும் இருந்திருக்கலாம், எதுன்னு உனக்குச் சொல்லப்பட மாட்டாது. கூகுள் உருவாக்கின ஆர்பிசி லைப்ரரியான ஜிஆர்பிசியும் டெட்லைன் எக்ஸீடட், அதாவது நேரம் தாண்டிடுச்சுங்கிற எரர் கோட் 4 வந்தாலும் வேலை வெற்றியா முடிஞ்சிருக்கலாம்னு ஸ்டேட்டஸ் கோட் விளக்கத்துலயே சொல்லிடுது. நம்ம டாக்ஸ்ல ரீட்ரைக்கு என்ன போட்டிருக்கு தெரியுமா? "தானாக மறுமுயற்சி செய்யும்." ஆஹா. எந்த மெத்தடை ரெண்டு தடவை கூப்பிட்டா குடி முழுகும்னு ஒரு வார்த்தை இல்ல.

சரி, நானே திருத்துறேன்னு உக்காந்தேன். அந்த 30 ரீட்மீல இருக்கு, டுடோரியல்ல இருக்கு, ரெஃபரன்ஸ் பக்கத்துலயும் இருக்கு. ரெஃபரன்ஸ் பக்கத்தைக் கையால திருத்தினேன். அடுத்த பில்டுல பழையபடி 30. அது ப்ரோட்டோ ஃபைல் (ஆர்பிசி மெத்தடுகளை வரையறுத்து வைக்கிற ஃபைல்) கமெண்ட்லேர்ந்து தானா உருவாகுற பக்கமாம். (அது எனக்குத் தெரிஞ்சிருக்கணும், ஒத்துக்கறேன். ஆனா அதையும் எவனும் எங்கயும் எழுதி வைக்கல!) கமெண்ட்டை மாத்தினேன். ப்ரோட்டோ ஃபைலைத் தொட்டா ரெண்டு பேர் அப்ரூவல் வேணுமாம். யூனிட்டை தலைகீழா மாத்தினப்ப அந்த ரெண்டு பேரும் எங்க போயிருந்தாங்கன்னு தெரியல.

பதினோரு நாளா என் புல் ரிக்வெஸ்ட், அதாவது இந்தத் திருத்தத்தைச் சேத்துக்கங்கன்னு போட்ட கோரிக்கை, தூங்குது. வந்தது ஒரே ஒரு கமெண்ட்: "கடைசி வரில ஃபுல்ஸ்டாப் விட்டுப்போச்சு." போட்டேன். அப்புறம் மறுபடி மயான அமைதி. கேட்டா, "டாக்ஸ் தானே, அவசரம் ஒண்ணுமில்லையே"ங்கிறாங்க.

இன்னைக்குக் காலையில வேற டீம் பையன் ஒருத்தன் மெசேஜ் போட்டிருக்கான்: "அண்ணா, டைம்அவுட் 30 வெச்சிருக்கேன், லோக்கல்ல நல்லா ஓடுது. அப்படியே டெப்ளாய் பண்ணிடவா?"