பால் ஊத்துறதுக்கு முன்னாடி நாடி பிடிச்சுப் பாருங்க

அந்த போட்டோவை இனிமே யாரும் எனக்கு அனுப்பாதீங்க, போதும். காலி சீட்டு, ஓரத்துல ஒரு பாப்கார்ன் டப்பா, மேல "சூப்பர் ஹீரோ படத்துக்குப் பால் ஊத்தியாச்சு, காரியம் என்னைக்கு?"ன்னு ஒரு வரி. நம்ம தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்ட சினிமா குரூப்ல ரெண்டு நாளா அதுதான் ஓடுது. போட்டவர் பேரைச் சொல்லத் தேவையில்ல, எல்லாருக்கும் தெரியும். நல்ல மனுஷன், நிறையப் படம் பாக்கறவர். அவர் மேல எனக்குப் பாதி கோபம்தான். மீதி, அதுக்குக் கீழ "கிராபிக்ஸ் பசங்க எல்லாம் ஊருக்கு வந்து மாங்கா பறிக்கட்டும், ஏஐ வந்தாச்சு"ன்னு எழுதினவர் மேலயும், அதுக்குச் சிரிப்பு ஸ்மைலி போட்டவங்க மேலயும்.

முதல்ல போட்டோவைப் பாப்போம். வார நாள், காலைக் காட்சி, இங்கிலீஷ் வெர்ஷன், அதுவும் 3டி. தர்மபுரியில அந்த நேரத்துக்கு எந்தப் படத்துக்குங்க கூட்டம் வரும்? அதே படத்தோட தமிழ் டப்பிங், ஞாயித்துக்கிழமை சாயங்காலக் காட்சி போட்டோ எங்க? அதை யாரும் எடுக்கல. எடுத்திருந்தா இவ்வளவு லைக் வராதுல்ல.

இன்னொண்ணு. 2டி படத்துக்குத் திரையில 14 ஃபுட் லாம்பர்ட் வெளிச்சம் இருக்கணும்ங்கறது தர அளவு. 3டியில ஃபில்டரும் கண்ணாடியும் தின்னது போக நாலரை கிடைச்சாலே அது ஒழுங்கான தியேட்டர். புரொஜெக்டருக்குள்ள எரியற செனான் லேம்ப்போட ஆயுசு முடிஞ்ச பிறகும் மாத்தாம ஓட்டினா அந்த நாலரையும் வராது. இந்தப் படங்கள்ல பாதி சண்டை ராத்திரியில நடக்குது, போட்டிருக்கற சூட்டும் கருப்பு. கருப்பு மேல கருப்பா எதையோ ரெண்டு மணி நேரம் பாத்துட்டு வெளிய வந்து "கிராபிக்ஸ் மட்டம்டா"ன்னு சொல்றோம். லேம்ப் மேல யாருக்கும் சந்தேகம் வர்றதில்ல.

சரி, விஷயத்துக்கு வர்றேன். மக்களுக்கு சூப்பர் ஹீரோ சலிக்கல. படம் வேகாம வந்துச்சு, அவ்வளவுதான். களி கிண்டறவங்களுக்குத் தெரியும், உள்ள மாவு கட்டி நின்னுட்டா மேல எவ்வளவு குழம்பு ஊத்தினாலும் தொண்டையில இறங்காது. அதைச் சாப்பிடாம எழுந்து போனவனைப் பாத்து "இவனுக்குக் களியே சலிச்சுப் போச்சு"ன்னு யாராவது சொல்வாங்களா?

2023-ஐ மட்டும் எடுத்துக்கோங்க. ஒரே வருஷம், ஒரே ஜனங்க. 'கார்டியன்ஸ் ஆஃப் த கேலக்ஸி' மூணாம் பாகம் உலகம் முழுக்க 84 கோடி டாலருக்கு மேல. 'ஆன்ட்மேன்' மூணாம் பாகம் 47 கோடி. 'த ஃபிளாஷ்' 27 கோடி. 'த மார்வெல்ஸ்' 20 கோடி சொச்சம், மார்வெல் ஸ்டுடியோ படங்கள்லயே அதுதான் அடிமட்டம். அடுத்த வருஷம் 'டெட்பூல் & வோல்வரின்' 133 கோடி. நம்ம ஊர்ல அதுக்கு ஏ சான்றிதழ், குடும்பத்தோட போக முடியாது, அப்பவும் ஓடுச்சு. சலிப்புங்கறது இப்படியா ஆளைப் பாத்து, தேதி பாத்து வரும்?

ஒரு கணக்கையும் சொல்லிடறேன், குரூப்ல இதுலயும் குழப்பம். 20 கோடி டாலர்ல எடுத்த படம் 40 கோடி வசூல் பண்ணினா லாபம்னு ஒரு தம்பி அடிச்சுச் சொல்றாரு. தியேட்டர்காரங்க பங்கு சுமாரா பாதி போயிடும். சீனாவுல ஸ்டுடியோ கைக்கு வர்றது கால்வாசிதான். விளம்பரச் செலவு தனி, அது தயாரிப்புச் செலவுல சேராது. அதனால போட்ட காசுல சுமாரா ரெண்டரை மடங்கு வசூல் வந்தாதான் தியேட்டர்லயே கையைக் கடிக்காம வெளிய வர முடியும். இந்தப் படங்கள் விழறதுக்குக் காரணம் யாருமே பாக்கலங்கறது இல்ல. 10 கோடியில முடிய வேண்டியது 25 கோடிக்குப் போகுது. ஏன் போகுதுன்னா, ஒரே ஷாட்டை மூணு தடவை பண்றாங்க.

இதுதான் நான் சொல்ல வர்றது. மார்வெல் மாதிரி ஸ்டுடியோக்காரங்க தேதியை முதல்ல அறிவிப்பாங்க, கதை அப்புறம். 'பிளேடு' படத்தை 2019-ல மேடை போட்டு அறிவிச்சாங்க. இயக்குநர் மாறினார், கதை எழுதறவங்க மாறினாங்க, தேதி தள்ளித் தள்ளிப் போச்சு, கடைசியில 2024 அக்டோபர்ல வெளியீட்டுப் பட்டியல்ல இருந்தே தூக்கிட்டாங்க. இது வெளிய வராத படம். இதே கோலத்துல எடுத்து வெளியவும் வந்த படங்களைத்தான் நாம காசு கொடுத்துப் பாத்தோம்.

"கம்ப்யூட்டர்ல பட்டனைத் தட்டினா வந்துடும், இதுல என்ன அவசரம்"னு கேக்கறவங்களுக்கு ஒரே ஒரு ஷாட். ஹீரோ மொட்டை மாடியில இருந்து குதிக்கறான், அஞ்சு செகண்ட். செகண்டுக்கு 24 ஃபிரேம், ஆக 120. எடிட்டர் முன்னப் பின்ன நகத்தறதுக்கு ரெண்டு பக்கமும் எட்டெட்டு ஃபிரேம் ஹேண்டில், மொத்தம் 136. முதல் வேலை ரோட்டோ, அதாவது ஆளைப் பின்னணியில இருந்து கோடு போட்டுப் பிரிக்கணும். முழு ஆளுக்கும் சுத்தி ஒரே கோடு போட முடியாது. தலை, கழுத்து, மார்பு, மேல்கை, முன்கை, உள்ளங்கை, ஒவ்வொரு விரல், எல்லாத்துக்கும் தனித்தனி ஷேப். அசைவு திசை மாறுற இடத்துல மட்டும்தான் கீஃபிரேம், அதாவது கோட்டைக் கையால நகத்தி வைக்கற ஃபிரேம், வைக்கணும். அவசரத்துல ஃபிரேமுக்கு ஃபிரேம் வெச்சா ஓரம் நடுங்கும், பெரிய திரையில உடனே தெரியும். வேகமா வீசற கையில மோஷன் பிளர் இருக்கும், அதுக்குக் கலங்கலோட நடுவுல கோடு ஓடணும். வெளி ஓரத்துல போட்டா ஆளைச் சுத்திப் பின்னணி ஒட்டிட்டு வரும், உள்ள போட்டா விரல் தேஞ்சு போகும்.

அப்புறம் பெயிண்ட். கட்டித் தொங்கவிட்ட ஒயரை அழிக்கணும். ஆள் இல்லாம வெறும் இடத்தை மட்டும் ஷூட்டிங்லயே எடுத்து வெச்சிருந்தா, அதுக்குப் பேர் கிளீன் பிளேட், வேலை சுலபம். எடுக்க மறந்திருந்தா பின்னாடி இருக்கற செங்கல் செவுத்தை ஒரு பையன் உக்காந்து உருவாக்கணும். பக்கத்துலயே மேட்ச்மூவ், கேமரா எப்படி நகந்துச்சுன்னு கண்டுபிடிக்கறது. லென்ஸ் விவரம் தப்பா எழுதி வெச்சிருந்தா கம்ப்யூட்டர் உருவத்தோட கால் தரையில வழுக்கும். அந்த இடத்தோட வெளிச்சத்தை குரோம் பந்து, சாம்பல் பந்து வெச்சுப் பதிவு பண்ணலைன்னா உருவம் பின்னணியில ஒட்டாது, ஸ்டிக்கர் மாதிரி தனியா நிக்கும். இவ்வளவும் முடிஞ்ச பிறகுதான் கம்ப், அதாவது எல்லாத்தையும் ஒரே காட்சியா சேக்கறது. கருப்பு அளவு, கிரெயின்னு சொல்ற பொடிப்புள்ளி, ஓரத்து வெளிச்சம், எல்லாம் பொருந்தணும். இப்படி ஒரு படத்துல ரெண்டாயிரத்துக்கு மேல ஷாட்.

ரிலீசுக்குச் சில வாரம் இருக்கும்போது "சூட் நிறம் மாறிடுச்சு, கிளைமாக்ஸ் ராத்திரிக்குப் பதிலா பகல்"னு ஒரு மெயில் வந்தா எல்லாம் திரும்ப முதல்ல இருந்து. தேதி மட்டும் மாறாது. நாம திரையில பாக்கற அசிங்கம் அந்த மெயிலோட விளைவு. பையனுக்கு வேலை தெரியாம வர்றது இல்ல.

2017 'ஜஸ்டிஸ் லீக்' ஞாபகம் இருக்கா? ரீஷூட் வந்தப்ப சூப்பர்மேனா நடிச்ச ஹென்றி கெவில் வேற படத்துக்காக மீசை வெச்சிருந்தார், எடுக்க முடியாத ஒப்பந்தம். மீசையைக் கம்ப்யூட்டர்ல எடுத்தாங்க. மேல் உதடுங்கறது பேசும்போது ஒவ்வொரு எழுத்துக்கும் அசையற இடம். மீசைக்குக் கீழ இருக்கற தோல், சுருக்கம், பல்லு மேல விழற நிழல், எல்லாத்தையும் புதுசா செய்யணும். வந்தது ரப்பர் உதடு. உலகமே சிரிச்சுச்சு. யாரைப் பாத்து? கிராபிக்ஸ் பண்ணினவங்களை.

உடனே ஒருத்தர் வருவார்: "அண்ணா, 'எண்ட்கேம்'ல டைம் டிராவல் பண்றப்ப போட்ட வெள்ளை சூட்டும் முழுக்க கம்ப்யூட்டர்தானே, டிசைனே ஷூட்டிங் அப்போ முடிவாகலயே, அது மட்டும் எப்படி நல்லா இருந்துச்சு?" ஆமாங்க, சரியான கேள்வி. கம்ப்யூட்டர் சூட்டு தப்புன்னு நான் எங்க சொன்னேன்? அது 2019. அன்னைக்கு மார்வெல் ஸ்டுடியோ கையில வருஷத்துக்கு ரெண்டு மூணு படம்தான். 2021-ல மட்டும் நாலு படம், அஞ்சு தொடர். 2021-ல இருந்து 2023 முடியறதுக்குள்ள பத்துப் படம், தொடர்கள் தனிக்கணக்கு. வேலை செய்யற கை அதேதான், நாளும் 24 மணி நேரம்தான். 'த மார்வெல்ஸ்' புரியணும்னா முன்னாடியே ரெண்டு தொடர் பாத்திருக்கணும். அரூர்ல டிக்கெட் வாங்கிப் படம் பாக்க வந்தவன்கிட்ட "தம்பி, வீட்டுப்பாடம் முடிச்சியா?"ன்னு கேக்கற மாதிரி ஒரு கதை.

"மார்வெலோட 'தண்டர்போல்ட்ஸ்' நல்லாத்தானே இருந்துச்சு, அதுவும் 38 கோடியிலயே நின்னுடுச்சே?" இதுக்கு என்கிட்ட முழுசா பதில் இல்ல. முந்தின படங்கள்ல ஏமாந்தவங்க இதுக்கு வரலன்னு நினைக்கறேன். நம்பிக்கை ஒரே படத்துல திரும்பாது. விடுங்க.

"2025 'சூப்பர்மேன்' 2013-ல வந்ததைவிடக் கம்மியாத்தானே வசூல்?" கொஞ்சம் கம்மி, 61 கோடிக்கும் 67 கோடிக்கும் உள்ள வித்தியாசம். இதை வெச்சு சாவு மேளம் அடிக்கறவங்ககிட்ட நான் வாதாடறதா இல்ல. கதை முடியாம எந்தப் படமும் ஷூட்டிங் போகாதுன்னு, டிசி ஸ்டுடியோ பொறுப்பை ஏத்துக்கிட்ட இயக்குநர் ஜேம்ஸ் கன் வெளிப்படையா சொல்லிட்டார். டிஸ்னி தலைவரா இருந்த பாப் ஐகர், மார்வெல் வருஷத்துக்கு ரெண்டு படம், மிஞ்சினா மூணுன்னு 2024-லயே குறைச்சார். 2026 மே மாசம் வர வேண்டிய 'அவெஞ்சர்ஸ் டூம்ஸ்டே'யை டிசம்பர் 18-க்குத் தள்ளினாங்க. வியாதி என்னன்னு அவங்களுக்கே புரிஞ்சுடுச்சு. நம்ம குரூப்புக்குத்தான் புரியல.

சலிப்புன்னு இன்னும் சொல்றவங்க, 2025 ஆகஸ்ட்ல வந்த மலையாள 'லோகா'வுக்குப் பதில் சொல்லுங்க. சுமார் 30 கோடி ரூபாய் செலவுன்னு செய்தி, வசூல் 300 கோடியைத் தாண்டுச்சு. கேரள நாட்டார் கதையில வர்ற யட்சி கள்ளியங்காட்டு நீலி பெங்களூருல வந்து இறங்கற கதை, ஓசூர்ல இருந்து பஸ் ஏறினா ஒரு மணி நேரம். அவளும் சூப்பர் ஹீரோதான், சும்மா போட்டு அடிக்கறா. ஏன் கூட்டம் வந்துச்சு? என்ன எடுக்கணும்னு தெரிஞ்சு எடுத்தாங்க, எந்தக் காட்சிக்குக் கிராபிக்ஸ், எதுக்கு செட்டுன்னு முன்னாடியே பிரிச்சாங்கங்கறது படத்துலயே தெரியுது. நம்மாளுங்களுக்கு இது புதுசும் இல்ல. 1972-லயே இரும்புக்கை மாயாவியை முத்து காமிக்ஸ்ல படிச்ச ஜனங்க. அப்ப இருந்து சலிக்காதது இப்ப திடீர்னு சலிச்சுடுச்சாம்.

இப்ப மாங்கா விஷயம்.

கிருஷ்ணகிரியில உக்காந்துக்கிட்டு மாங்கா பறிக்கறதை இளக்காரமா எழுத ஒரு மனசு வேணும். தோத்தாபுரி மாங்கா விலை விழுந்த வருஷம் தோட்டக்காரங்க பட்ட பாடு பக்கத்துல இருந்து பாத்தவங்கதானே நீங்க? அது ஒருபக்கம். பாலக்கோடு, காவேரிப்பட்டணம், பென்னாகரம் பக்கத்துப் பசங்க எத்தனை பேர் பெங்களூருல ரோட்டோவும் பெயிண்ட்டும் பண்ணி வீட்டுக்குப் பணம் அனுப்பினாங்கன்னு தெரியுமா? 2025 பிப்ரவரியில சினிமா கிராபிக்ஸ் பண்ணின டெக்னிகலர் குழுமம் சரிஞ்சப்ப பெங்களூரு அலுவலகத்தையும் சேத்து மூடினாங்க, ஆயிரக்கணக்கானவங்களுக்கு வேலை போச்சு. அந்த வாரம் ஓசூர் பஸ் ஸ்டாண்டுல பையோட இறங்கின பசங்கள்ல உங்க தெருப் பையனும் இருந்திருப்பான். அவனைப் பாத்துதான் அந்த ஸ்மைலி போட்டிருக்கீங்க.

ஏஐ பத்தியும் சொல்லிடறேன். ரோட்டோவுல முதல் சுத்து இப்ப அது வேகமா பண்ணிடுது, இல்லைன்னு சொல்லல. ஆனா ஃபிரேமுக்கு ஃபிரேம் ஓரம் துடிக்கும், முடி, புகை, வேகமா வீசற விரல்னு வந்தா தடுமாறும், அதைச் சரி பண்ண மறுபடியும் ஆள்தான் உக்காரணும். 2023-ல 'சீக்ரெட் இன்வேஷன்' தொடரோட டைட்டிலை ஏஐல பண்ணி வாங்கிக் கட்டிக்கிட்டதையும் தேடிப் பாருங்க. வேலை குறையாதுன்னு நான் சத்தியம் பண்ணல. குறையறதைப் பாத்து சிரிக்காதீங்கன்னுதான் சொல்றேன்.

உண்மையில பசங்களை அடிச்சது ஏஐ கூட இல்ல, ஃபிக்ஸட் பிட் (fixed bid)ங்கற ஒப்பந்த முறை. மொத்த வேலைக்கு ஒரு தொகை பேசி கையெழுத்துப் போடுவாங்க. அதுக்குப் பிறகு ஸ்டுடியோ மனசு மாறி நாப்பது தடவை திருத்தினாலும் பெரும்பாலும் அதே தொகைதான். நஷ்டம் கிராபிக்ஸ் கம்பெனிக்கு, அங்க இருந்து ராத்திரி ஷிப்ட் பாக்கற பையன் தலையில. 2013-ல 'லைஃப் ஆஃப் பை' படத்துக்கு ஆஸ்கர் வாங்கின ரிதம் & ஹ்யூஸ் கம்பெனி, மேடை ஏறறதுக்கு ரெண்டு வாரம் முன்னாடிதான் திவால் மனு போட்டிருந்துச்சு. அன்னைக்கு யாரும் "புலிப் படம் சலிச்சுப் போச்சு"ன்னு சொல்லல.

டப்பிங் வசனத்தைப் பத்தி ஏன் எழுதலன்னு இன்பாக்ஸ்ல கேட்டவங்களுக்கு: அது தனிப் பதிவு. அதுல திட்டு வாங்க வேண்டியவங்க வேற ஆளுங்க.