ஊசி போடுபவர் மருந்தும் கொடுக்கலாமா?

அக்குபஞ்சர் படித்தவருக்கு மூலிகை மருந்தும் அத்துப்படி என்ற நினைப்பு நம் பினாங்கு மக்களிடம் ஊறிப்போய்விட்டது. ஊசிக்கு ஒரு தேர்வு, மூலிகைக்கு இன்னொரு தேர்வு வேண்டும். இரண்டிலும் தேறியவர்தான் இரண்டையும் செய்ய வேண்டும். இதில் எனக்கு இரண்டாம் கருத்தே இல்லை.

சீன மருத்துவத்தின் மேல் எனக்குக் கோபம் கிடையாது. எங்கள் வீட்டில் தாத்தா காலத்திலிருந்தே சின்சே எனும் சீன வைத்தியரிடம் போகிறோம். அம்மாவின் முட்டிவலி அக்குபஞ்சரில்தான் அடங்கியது.

அதே அம்மாவுக்கு இதய வால்வு மாற்றியிருக்கிறது, ரத்தம் உறையாமல் இருக்கத் தினமும் வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுகிறார். முட்டிக்கு ஊசி போட்டவர் ஒருநாள் ஒரு தூளையும் கொடுத்தனுப்பினார். சின்னப் பிளாஸ்டிக் பை, பழுப்பு நிறத் தூள், மேலே பேனாவில் "காலை 1, இரவு 1". வேறு ஓர் எழுத்து இல்லை. என்னவென்று கேட்டதற்கு, "ரத்த ஓட்டத்துக்கு நல்லது, ஆன்ட்டி" என்றாராம். வேறென்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று அவர் கேட்கவே இல்லை. கொஞ்ச நாளில் பல் துலக்கினால் ஈறில் ரத்தம், முழங்கையில் நீலத்திட்டு. ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். அளவு, 2க்கும் 3க்கும் நடுவில் இருக்க வேண்டியது 5ஐத் தாண்டிவிட்டது. தூளில் என்ன இருக்கிறது என்று டாக்டர் கேட்டபோது, அந்தப் பையை நீட்டுவதைத் தவிர எங்களால் ஒன்றும் சொல்ல முடியவில்லை. ரத்த ஓட்டத்துக்கென்று கொடுக்கும் டான்ஷென், டாங்குய் என்ற சீன மூலிகைகள் இரண்டுமே வார்ஃபரினின் வேகத்தைக் கூட்டக்கூடியவை. அம்மாவின் பையில் இருந்தது அதுதானா என்பது இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. இதை நினைத்தால் எனக்கு இப்போதும் வயிறு எரிகிறது.

ஊசிக்கலையில், உடலில் ஊசி குத்தும் புள்ளிகள் மட்டும் 361. அது சின்னப் படிப்பு என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் மூலிகை வேறு உலகம். ஃபூசி என்ற கிழங்கு நம் சித்த மருத்துவத்தின் நாபி என்ற நச்சுக் கிழங்குக்குச் சொந்தக்காரன். நஞ்சு நீங்கச் சுத்தி செய்யாமல், நேரம் போதாமல் கொதிக்க வைத்தால் இதயத் துடிப்பையே குலைத்துவிடும். பெல்ஜியத்தில் 1990களின் தொடக்கத்தில் உடல் இளைக்கக் கொடுத்த மருந்தில் ஃபாங்ஜி என்ற பெயரில் ஒரு வேருக்குப் பதில் இன்னொரு வேர் கலந்துவிட்டது. நூற்றுக்கும் மேற்பட்ட பெண்களுக்குச் சிறுநீரகம் பழுதானது, பலருக்குப் பின்னால் புற்றுநோயும் வந்தது. அந்தச் சரக்கைக் கையில் எடுப்பவருக்கு வேரைப் பார்த்து அடையாளம் சொல்லத் தெரிந்திருக்க வேண்டாமா?

ஆஸ்திரேலியாவில் 2012 முதல் அக்குபஞ்சர் செய்பவர், மூலிகை மருத்துவர், மருந்து கட்டிக் கொடுப்பவர் என்று பதிவே மூன்று பிரிவாக இருக்கிறது. கலிஃபோர்னியாவில் அக்குபஞ்சர் உரிமத் தேர்விலேயே மூலிகைப் பாடமும் உண்டு. பக்கத்துச் சிங்கப்பூரிலும் அக்குபஞ்சர் மட்டும் செய்பவர் வேறு, முழுச் சீன மருத்துவர் வேறு.

நம் மலேசியாவில் 2016ஆம் ஆண்டுப் பாரம்பரிய, துணை மருத்துவச் சட்டம் இருக்கிறது, 2021 மார்ச்சில் மருத்துவர் பதிவும் தொடங்கியது. பினாங்கின் கெப்பாலா பத்தாஸ் அரசு மருத்துவமனையில் 2007லேயே பாரம்பரிய மருத்துவப் பிரிவு வந்துவிட்டது. நல்ல அடித்தளம்தான், மறுக்கவில்லை. கடையில் விற்கும் பாரம்பரிய மருந்துப் பெட்டியில் 'மால்' (MAL) என்று தொடங்கும் பதிவு எண்ணைத் தேடிப் பார்க்கலாம். அறைக்குள் கையால் கலந்து கட்டித்தரும் பொட்டலத்தில் எதைப் பார்ப்பது? அங்கே நமக்கு மிஞ்சும் ஒரே பாதுகாப்பு, கலக்கிறவரின் படிப்புதான்.

சீன மருத்துவத்தில் ஊசியும் மூலிகையும் ஒன்றுதான், பிரிக்க முடியாது என்று சில நண்பர்கள் வாதாடுகிறார்கள். சரி, அப்படியானால் இரண்டையும் முழுசாகப் படித்துத் தேர்வு எழுதட்டும். நம் சித்த வைத்தியர்களுக்கும் இதையேதான் சொல்வேன். வர்மம் தெரிந்தவர் என்பதற்காகப் பாதரசம் சேர்ந்த மருந்தை அவர் கையிலிருந்து நான் வாங்க மாட்டேன்.

சுவரில் தொங்கும் சான்றிதழில் ஊசி மட்டுமா, மருந்தும் சேர்த்தா என்பது நோயாளி படிக்கிற மாதிரி தேசிய மொழியில் பெரிதாக இருக்க வேண்டும். பொட்டலத்தின் மேல் ஒவ்வொரு சரக்கின் பெயரும் அளவும், கொடுத்தவரின் பதிவு எண்ணும் கட்டாயமாக வேண்டும். சுகாதார அமைச்சு அதைச் சட்டமாக்கும் வரை, எழுதித் தராத தூளை வீட்டுப் பெரியவர்களுக்கு வாங்காதீர்கள்.