பெடியன்ரை மெசினிலை பிழை இல்லை

உருத்திரபுரத்தில் இருக்கிற என் அத்தான், பெரும்போக நெல்லு வித்த காசில் மகனுக்கு ஒரு கொம்பியூட்டர் வாங்கிக் கொடுத்தார். பாவித்த மெசின்தான். ஆனால் கேம் விற்கிற பக்கத்தில் போட்டிருந்த குறைந்தபட்சத் தேவையைப் பார்த்து, அதற்கு ஒரு படி மேலாகத் தேடி எடுத்தது. கேமை என் வங்கிக் கார்ட்டில் வாங்கினோம்.

இரண்டு கிழமை கழித்துப் போனேன். மருமகன் கேமைப் பற்றி வாயே திறக்கவில்லை. கிணற்றடியில் வைத்து அத்தான்தான் மெல்லக் கேட்டார்: "தம்பி, கடைக்காரன் என்னை ஏமாத்திப்போட்டானோ? கேம் ஓடேக்கை ஓடேக்கை நிக்குதாம். எனக்குச் சொல்லேல்லை, தாயிட்டைச் சொல்லியிருக்கிறான்."

அந்தக் கேள்வி என்னைச் சுட்டது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் எங்கள் பக்கத்துப் பிழையைப் பார்த்தேன். தகரக் கூரை, பங்குனி வெயில். பெட்டியைத் திறந்தால் காற்றாடி முழுக்க ஒழுங்கைப் புழுதி. சூடு ஏறினால் சிப் தன்னைக் காப்பாற்ற வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். எங்கடை பக்கம் போனும் கொம்பியூட்டரும் இழுபடுகிறதுக்கு இது அடிக்கடி காரணம். துடைத்தோம், சூடு இறங்கியது. கேம் நிற்கிறது மட்டும் குறையவில்லை.

பிறகு ஒவ்வொரு பிரேமுக்கும், அதாவது திரையில் மாறி மாறி வருகிற ஒவ்வொரு படத்துக்கும், எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று காட்டுகிற வரைகோடு ஒன்றைத் திரையில் போட்டேன். செக்கனுக்கு 60 பிரேம் ஓட வேண்டுமென்றால் ஒரு பிரேம் 16.7 மில்லி செக்கனுக்குள் வர வேண்டும். கோடு நேராகப் போய்க்கொண்டிருந்தது. மருமகன் கேமில் ஒரு கோட்டையின் வாசலுக்குள் நுழைந்தான். கோடு பனைமரம் மாதிரி எழும்பி விழுந்தது. படம் விறைத்தது.

"திரும்பி வெளியிலை வந்து அதே வாசலாலை போ" என்றேன். போனான். கோடு அசையவே இல்லை.

"என்ன மாமா, இப்ப நிக்கேல்லை?"

மெசினுக்குச் சக்தி காணாதென்றால் இரண்டாம் தரமும் நின்றிருக்க வேண்டும். இது வேறு சங்கதி. வெளிச்சம், நிழல், தண்ணீர் எல்லாவற்றையும் வரைய ஷேடர் என்று சின்னச் சின்ன நிரல்கள் இருக்கின்றன. படம் வரைகிற பாகமான கிராபிக்ஸ் கார்ட் ஒவ்வொன்றுக்கும் அதனதன் மொழிக்கு அவற்றை மாற்ற வேண்டும். பிளேஸ்டேஷன் போன்றவற்றில் எல்லாருக்கும் ஒரே கார்ட் என்பதால் முன்கூட்டியே மாற்றிக் கொடுத்துவிடுவார்கள். கொம்பியூட்டரில் அந்த வேலை எங்கள் வீட்டில்தான் நடக்கும். கேம் தொடங்க முன்னமே செய்து முடிக்கலாம். செய்யாமல் விட்டால், புது இடம் ஒன்றைப் பார்க்கிற அந்த நேரத்தில், விளையாட்டை நிறுத்திவைத்துச் செய்யும். ஒருதரம் மாற்றினது சேமிப்பில் இருக்கும், அதனால்தான் இரண்டாம் தரம் நிற்கவில்லை. விலைகூடின மெசின் வைத்திருக்கிறவனும் இதில் இடறித்தான் விழுகிறான்.

இவ்வளவுக்கும், செக்கனுக்கு எத்தனை பிரேம் என்று மூலையில் தெரிகிற எஃப்.பி.எஸ் எண் நல்லாகவே இருக்கும். கணக்குப் பாருங்கள். 54 பிரேம் தலா 16 மில்லி செக்கனில் வருகிறது, ஒன்று மட்டும் 136 மில்லி செக்கன் எடுக்கிறது. அந்தச் செக்கனுக்கு 55 என்று காட்டும். கண்ணுக்குத் தெரிகிறது அந்த ஒன்றுதான். சராசரியைக் காட்டி "நல்லா ஓடுது" என்று சொல்கிற விமர்சனங்களை நான் நம்புவதில்லை.

பிழை மெசினில் இல்லாமல் கேமின் நிரலிலேயே இருக்கும் என்பதற்கு, இணையத்தில் பலர் சேர்ந்து விளையாடுகிற ஜீடிஏ ஆன்லைன் கேமை விட நல்ல சாட்சி இல்லை. அது 2013 இல் வந்தது. உள்ளே போகவே நிமிடக்கணக்கில் காத்திருக்க வேண்டும். இன்ரநெற் சிலோ என்றுதான் நானும் நினைத்தேன். 2021 மாசியில் விளையாடுகிற ஒருவர் தானே தோண்டிப் பார்த்தார். கேமுக்குள் விற்கிற கடைப் பொருட்கள் ஏறத்தாழ 63,000 உள்ள 10 எம்பி கோப்பு ஒன்று. அதில் ஒவ்வொரு துண்டை வாசிக்கும்போதும் கேம் மிச்சக் கோப்பு முழுவதன் நீளத்தையும் திரும்ப அளந்துகொண்டிருந்தது. ஒரு மூட்டை தூக்க முன்னம் மிச்சம் கிடக்கிற மூட்டை எல்லாவற்றையும் ஒருக்கா எண்ணுகிற மாதிரி. அதோடு இன்னொரு சின்னக் குளறுபடி. இரண்டையும் திருத்த, அவருடைய மெசினில் 6 நிமிடம் 2 நிமிடத்துக்குள் வந்தது. கேமைச் செய்த ரொக்ஸ்ரார் நிறுவனம் பங்குனியிலேயே ஏற்றுத் திருத்தி, அவருக்கு 10,000 டொலர் கொடுத்தது. ஏழு வருடத்துக்கு மேல், எத்தனை வீடுகளில் எத்தனை பேர் தங்கள் மெசினையும் நெற்றையும் திட்டியிருப்பார்கள்!

இதனால்தான், கேம் நிற்கிறது என்று சொன்னால் வருகிற "கார்ட்டை மாத்து" என்கிற பதில் எனக்குக் கோபம் தருகிறது. இங்கே கார்ட் மாற்றுகிறதென்றால் அடுத்த போகத்தைப் பார்க்க வேண்டும். இரணைமடுக் குளத்தில் தண்ணி இருக்க வேண்டும், நெல்லுக்கு விலை இருக்க வேண்டும். குறைந்தபட்சத் தேவை என்று ஒரு நிறுவனம் எழுதினால் அது வாக்கு. அந்த மெசினை மேசையில் வைத்து, அவர்களே முதல் தரம் விளையாடிப் பார்த்துவிட்டு எழுதட்டும். கேம் வாங்கின இணையக் கடையான ஸ்டீமில் காசு திரும்பக் கேட்கலாம்தான், வாங்கி 14 நாளுக்குள், 2 மணித்தியாலத்துக்குக் குறைவாக விளையாடியிருந்தால். நாங்கள் காரணம் கண்டுபிடிக்க முன்னமே அந்த நேரம் முடிந்துவிட்டது.

அத்தானைக் கூப்பிட்டு அந்த வாசலையே காட்டினேன். இரண்டு தரமும் பார்த்தார். "அப்ப பெட்டியிலை பிழை இல்லை?" "இல்லை அத்தான். நல்ல மெசின்தான் வாங்கியிருக்கிறியள்." மகனின் தலையில் ஒருதரம் கை வைத்துவிட்டு வயலுக்குப் போனார்.

திரையில் எழும்பின அந்த வரைகோட்டைப் படம் எடுத்து, கார்ட் விபரத்தோடு கேம் செய்தவர்களுக்கு மருமகனே எழுதியிருக்கிறான். போன கிழமை அப்டேட் ஒன்று வந்தது. சேமிப்பை அழித்துவிட்டுப் புதிதாகப் போனாலும் வாசலில் இப்போது நிற்பதில்லை. பாலத்தடியில் இன்னும் நிற்கிறது, அதற்கும் எழுதிக்கொண்டிருக்கிறான்.