அல்-முதனப்பி தெருவுக்கு ஒரு தாள்

காசாவைப் பற்றி ஒரு கவிதையோ ஓவியமோ பகிர்ந்தால் போதும், யாராவது கேட்டுவிடுகிறார்கள்: "இதனால என்ன ஆகப்போகுது? குண்டு நிக்குமா?" கேட்பவர்கள் எல்லாரும் குத்தலாகக் கேட்பதில்லை. பலருக்கு அது கையாலாகாத வேதனை. எனக்கும் அந்த வேதனை உண்டு. ஆனால் அப்போதெல்லாம் பாக்தாத்தின் ஒரு தெருதான் என் நினைவுக்கு வருகிறது.

அல்-முதனப்பி தெரு. பத்தாம் நூற்றாண்டு அரபுக் கவிஞரின் பெயர். இருபுறமும் புத்தகக் கடைகள். வெள்ளிக்கிழமை என்றால் தரையெல்லாம் புத்தகம். "எழுதுவது கெய்ரோ, அச்சிடுவது பெய்ரூட், படிப்பது பாக்தாத்" என்று அரபு நாடுகளில் ஒரு சொலவடை உண்டு. அந்தப் படிப்பு நடக்கிற இடம் இது. 2007 மார்ச் 5 அன்று அங்கே கார் குண்டு வெடித்தது. 30 பேர் அளவில் இறந்தார்கள், சுமார் 100 பேர் காயமடைந்தார்கள். 1917இல் தொடங்கிய ஷாபந்தர் காபிக்கடையின் உரிமையாளர் நான்கு மகன்களையும் ஒரு பேரனையும் இழந்தார். பிறகு அந்தக் கடையை அவரே மீண்டும் கட்டித் திறந்தார். இதை எழுதும்போது கை நின்றுவிடுகிறது.

ஈராக்கை ஆக்கிரமித்திருந்த அமெரிக்காவில், சான் பிரான்சிஸ்கோ நகரில், பழைய புத்தகக் கடை நடத்திவந்த கவிஞர் போ போசொலே இந்தச் செய்தியைப் படித்தார். தன் கடை பாக்தாத்தில் இருந்திருந்தால் அந்தத் தெருவில்தானே இருந்திருக்கும் என்று அவருக்குத் தோன்றியது. லெட்டர் பிரஸ், அதாவது எழுத்துக் கோத்து அச்சடிக்கும் பழைய அச்சு இயந்திரம், வைத்திருக்கும் கலைஞர்களை ஆளுக்கு ஒரு தாள் அச்சிட்டுத் தரச் சொல்லிக் கேட்டார். இறந்தவர்களையும் காயமடைந்தவர்களையும் நினைத்து 130 விதமான தாள்கள் சேர்ந்தன. முழுத் தொகுப்பு ஒன்று பாக்தாத்தின் தேசிய நூலகத்துக்கு என்று ஒதுக்கப்பட்டது. 2003 ஏப்ரலில் சூறையாடப்பட்டு எரிந்த அதே நூலகம். "அல்-முதனப்பி தெரு இங்கே தொடங்குகிறது" என்று அந்த முயற்சிக்குப் பெயர் வைத்தார்கள். எங்கே ஒருவர் எழுத உட்காருகிறாரோ, படிக்க உட்காருகிறாரோ, அங்கே.

என் அப்பா கம்பாசிட்டர். ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி ஸ்டிக் என்னும் கைச்சட்டத்தில் கோப்பார். இடவலம் மாறிக் கிடக்கும் எழுத்தை அவர் கண் நேராகவே படிக்கும். ஒரு பக்கம் கோக்கப் பாதி நாள் போய்விடும். இரவில் மண்ணெண்ணெய் தொட்டு விரல் மையைத் தேய்த்துக்கொண்டிருப்பார். அதனால்தான் அந்த 130 தாள்களை என்னால் லேசாக எடுத்துக்கொள்ள முடியவில்லை. முகம் தெரியாத ஒரு புத்தக வியாபாரிக்காக ஒருவர் தன் நாளைக் கொடுத்திருக்கிறார். எனக்குத் தோழமை என்றால் அது. தனக்குத் தெரிந்த தொழிலைக் கொண்டு, தன் நேரத்தைச் செலவழித்துச் செய்து, அவர்கள் கைக்கே போய்ச் சேரும்படி அனுப்புவது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அரபு மக்களுக்கு ஆதரவு என்று வைக்கப்படும் கண்காட்சிகள் சிலவற்றில் இடிபாடும் அழுகிற குழந்தையும் மட்டுமே இருக்கின்றன. இரக்கம் வரும், ஆனால் அந்த மனிதர்கள் யார் என்று கடைசிவரை தெரியாது. அவர்கள் படித்தது என்ன, பாடியது என்ன, எதைச் சொல்லிச் சிரித்தார்கள்? இந்தத் தாள்கள் பாக்தாத்தைப் படிக்கிற ஊராகப் பார்த்தன.

தமிழிலும் இந்த வேலை நடந்திருக்கிறது. யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்ட அதே 1981இல்தான் ஈழத்துக் கவிஞர் எம்.ஏ. நுஃமான் மொழிபெயர்த்த பலஸ்தீனக் கவிதைகள் புத்தகமாக வந்தன. தன் வீடு எரியும்போது அடுத்தவர் வீட்டுத் தீயையும் பார்த்த தலைமுறை அது.

குண்டு நிற்குமா என்றால், நிற்காது. ஆனால் குண்டு வைத்தவன் அழிக்க நினைத்தது அந்தத் தெருவில் நடந்த காரியத்தை. 2008 டிசம்பரில் தெரு மறுபடி திறந்தது. வெள்ளிக்கிழமைப் புத்தகங்களும் திரும்பி வந்தன.

எங்கள் ஊரில் ட்ரெடில் என்னும் பழைய அச்சு இயந்திரம் ஒன்றே ஒன்று மிச்சமிருக்கிறது. பில் புத்தகத்துக்கு நம்பர் போட மட்டும் ஓடுகிறது. அந்த அண்ணனிடம் கேட்டிருக்கிறேன். முதனப்பியின் ஒரு வரியைக் கோத்து அச்சடிக்க வேண்டும்: குதிரையும் இரவும் பாலைவெளியும் என்னை அறியும், வாளும் ஈட்டியும் தாளும் எழுதுகோலும். நேற்று போன் செய்தார். பெட்டியில் 'ளு' ஒன்றுதான் இருக்கிறதாம், வரிக்கு இரண்டு வேண்டும். இருக்கிற ஒன்றைத் தாளுக்கு வைக்கச் சொல்லியிருக்கிறேன். வாளுக்கு வேறு சொல் தேடிக்கொண்டிருக்கிறேன்.